நெகட்டிவுக்கு ஆரஞ்சு நிறம் எதற்கு?

காரைக்குடி வாசகி ஒருவர் எழுதுகிறார்: வீட்டிலேயே ஸ்கேனர் செய்து பழைய நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்றினாராம். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள்கள் அருமையாக வந்தன. கலர் சுருளின் நிறங்களைத் தலைகீழாக்கினால் மட்டும் ஒரே நீலம். படம் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஆரஞ்சைத் தலைகீழாக்கினால் நீலம்தானே வரும்? கருவியும் சரிதான்: எல்.இ.டி. பலகை, மேலே பால்வெள்ளை அக்ரிலிக், கறுப்பு அட்டையில் 24க்கு 36 மில்லிமீட்டர் ஜன்னல், நேர்மேலே மேக்ரோ லென்ஸுடன் கேமரா.

அந்த ஆரஞ்சைப் பலரும் வயதால் வந்த கறை என்று நினைக்கிறார்கள். எனக்கோ புகைப்பட வேதியியலில் அதைவிடப் பிடித்த தந்திரம் கிடையாது. சுருளிலுள்ள மெஜந்தா சாயம் பச்சை ஒளியை மட்டும் விழுங்க வேண்டும். ஆனால் நீலத்திலும் கொஞ்சம் கைவைக்கும். சிவப்பை விழுங்க வேண்டிய சயானும் பக்கத்து நிறங்களை விட்டுவைக்காது. குறையற்ற சாயம் கிடைக்கவில்லை. 1940களில் கோடாக்கின் வெஸ்லி ஹேன்சன், மெஜந்தாவைத் தரும் மூலப்பொருளையே மஞ்சளாக்கினார். மெஜந்தா உண்டான இடத்தில் மஞ்சள் அழியும். உண்டாகாத இடத்தில் மிஞ்சும். ஆக, நீல ஒளிக்கு எங்கும் ஒரே இழப்பு. சயானுக்கு இளஞ்சிவப்பு மூலப்பொருள். இரண்டும் மிஞ்சிக் கலந்ததே ஆரஞ்சு. எங்கள் ஊர் எண்ணெய்க்கடையில் தூக்குவாளியைத் தராசில் வைத்ததும் மறுதட்டில் ஈடாக ஒரு கல் வைப்பார்கள். வாளியின் எடை கழிந்துவிடும். அதே கணக்கு.

இங்கே கழிக்கிற வேலை நம்முடையது. ஜன்னலைச் சற்று அகலமாக வெட்டி, சுருளின் துளைகளை ஒட்டிய, படம் விழாத ஓரமும் தெரியும்படி ரா கோப்பாக எடுங்கள். அந்த ஓரத்தைத் தொட்டு வைட் பேலன்ஸ் செய்தபின், மென்பொருளின் கர்வ்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே திருப்புங்கள். அதோடு கையை எடுத்துவிடுவது நல்லது. மாநிறத் தாத்தாவை ரோஜா நிறமாக்கும் ஆசையில் மேலும் இழுத்தால், பக்கத்தில் நிற்கும் பாட்டியின் அரக்குப் புடவையும் சேர்ந்து வெளுக்கும். இந்த வெள்ளைப் பித்து கேமராவோடு வந்ததல்ல, போகவும் காணோம்.

நீலத்தைப் பார்த்து, "சாயம் போச்சு" என்று சுருளைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. ஸ்கேன்தான் முடிந்ததே என்று போடுகிறவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் மௌனமாகிவிட்டால் எதிலிருந்து மறுபடி எடுப்பார்கள்? சுருள்களைக் காகித உறையிலிட்டு, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். வினிகர் வாடை அடிப்பதை மட்டும் உடனே பிரித்துவிடுங்கள். சிதையும் அசிட்டேட்டின் அமில ஆவி பக்கத்துச் சுருளையும் அரிக்கும்.