சென்னையை விட்டு தென்காசிக்கு குடிபோகலாமா? வாடகை முதல் பட்டா வரை... பெட்டி கட்டும் முன் பார்க்க வேண்டியவை என்ன?

"வேலை லேப்டாப்ல இருக்கு, ஊர்ல வீடு இருக்கு. அப்புறம் எதுக்கு சென்னையில மாசாமாசம் வாடகை கட்டணும்?"

பொங்கல், தீபாவளி முடிந்து செங்கோட்டையில் இருந்து சென்னை திரும்பும் பொதிகை எக்ஸ்பிரஸில் இந்தக் கேள்வி எழாத பெட்டி இருக்காது. கொரோனா காலத்தில் வீட்டில் இருந்தே வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு, சொந்த மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் குடியேறுவது வெறும் ஆசையாக மட்டும் இல்லை. நடக்கக்கூடிய திட்டமாகவே தெரிகிறது.

ஆனால் இது ஒருவரின் முடிவு மட்டும் இல்லை. வாழ்க்கைத் துணையின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, பெற்றோரின் மருத்துவம், கையில் இருக்கும் சேமிப்பு என நான்கும் சேர்ந்தே இடம் மாறுகின்றன. தென்காசியை உதாரணமாக வைத்து, எதை எப்படி சரிபார்ப்பது என்று பார்ப்போம்.

தென்காசி ஏன் பேசப்படுகிறது?

திருநெல்வேலியில் இருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமானது தென்காசி. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆலங்குளம் என மொத்தம் 8 தாலுகாக்கள். பெரிய தொழிற்சாலைகள் குறைவு. விவசாயம், பீடி சுற்றுதல், மரக்கடைகள், காற்றாலைகள், குற்றால சீசன் வியாபாரம் ஆகியவைதான் இங்கே பிழைப்பு. பாவூர்சத்திரம் சந்தையில் இருந்து காய்கறி கேரளாவுக்குப் போகிறது.

இந்த ஊரை தகவல் தொழில்நுட்ப உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது ஜோஹோ நிறுவனம். 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அந்நிறுவனம் அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவில் இருந்து வந்து அங்கேயே குடியேறினார். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கிராமத்தில் இருந்தும் உலகத்துக்கு மென்பொருள் செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே நிறுவனமே ஊருக்கு வந்தது. சென்னை அலுவலகத்தின் வேலையைத் தூக்கிக்கொண்டு தனியாக ஊருக்குப் போகிறவரின் நிலைமை அப்படி அல்ல.

முதல் கேள்வி: வேலை கூடவே வருமா?

"மேனேஜர் சரின்னு சொல்லிட்டார்" என்பது போதாது. மேனேஜர் மாறுவார், நிறுவனத்தின் கொள்கையும் மாறும். "வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் வர வேண்டும்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரால் என்ன செய்ய முடியும்?

எனவே கிளம்பும் முன் மூன்று விஷயங்களை எழுத்துப்பூர்வமாக வாங்கிக்கொள்வது நல்லது. நிரந்தரமாக வெளியூரில் இருந்து வேலை செய்ய அனுமதி உண்டா? இடம் மாறினால் சம்பளம் குறையுமா? அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் எத்தனை நாள் அவகாசம்?

அடுத்தது துணையின் வேலை. கணவருக்கு லேப்டாப் வேலை, மனைவிக்கு சென்னையில் மருத்துவமனையிலோ வங்கியிலோ வேலை என்றால், ஊருக்குப் போவது என்பது ஒரு சம்பளத்தை விட்டுவிட்டுப் போவதாகவே பெரும்பாலும் முடிகிறது. அந்த ஒரு சம்பளம் இல்லாமல் குடும்பக் கணக்கு நிற்குமா என்று முதலிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

வாடகை குறையும்... வரி கூடுமா?

பழைய வரி முறையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. வீட்டு வாடகைப் படிக்கான வரிவிலக்கு மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான். ஒன்று, நிறுவனம் தரும் வாடகைப் படி. இரண்டு, கட்டும் வாடகையில் இருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த தொகை. மூன்று, சென்னை போன்ற பெருநகரம் என்றால் அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், தென்காசி போன்ற ஊர் என்றால் 40 சதவீதம்.

ஒரு உதாரணம். அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000 ரூபாய், வாடகைப் படி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வாடகை 22,000 ரூபாய் என்றால், மாதம் 18,000 ரூபாய்க்கு வரிவிலக்கு கிடைக்கும். ஊரில் வாடகை 8,000 ரூபாய் என்றால் விலக்கு 4,000 ரூபாய்தான்.

அதாவது ஆண்டுக்கு வாடகையில் 1,68,000 ரூபாய் மிச்சம். ஆனால் அதே 1,68,000 ரூபாய் வரிக்கு உட்பட்ட வருமானமாகிவிடும். 20 சதவீத வரி வரம்பில் இருப்பவர், செஸ் வரியும் சேர்த்து, சுமார் 35,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அப்படியும் லாபம்தான், ஆனால் நினைத்த அளவு இல்லை. தன் பெயரில் உள்ள சொந்த வீட்டில் வாடகை கட்டாமல் குடியிருந்தால் இந்த விலக்கு கிடைக்கவே கிடைக்காது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு வாடகைப் படி விலக்கே இல்லாததால் இந்தக் கணக்கு பொருந்தாது.

வாடகையா... ஒத்தியா?

தென் மாவட்டங்களில் வீடு தேடுபவர்களின் காதில் அடிக்கடி விழும் சொல் 'ஒத்தி'. மாத வாடகை கிடையாது. மொத்தமாக சில லட்சங்களைக் கொடுத்துக் குடியிருக்க வேண்டும். காலி செய்யும்போது பணம் அப்படியே திரும்பக் கிடைக்கும். வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை என்பதுதான் இதன் கணக்கு.

கேட்க நன்றாக இருக்கும். சிக்கல், பணம் திரும்ப வரும் நேரத்தில்தான். வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் அதைக் கட்டாமல் விட்டால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். ஒத்திப் பணம் தொங்கலில் நிற்கும். எனவே வில்லங்கச் சான்று பார்க்காமல், பத்திரப் பதிவு செய்யாமல், வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு ஒத்திப் பணம் கொடுக்கக் கூடாது.

வாடகை என்றாலும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் அவசியம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

இன்னொரு விஷயம். சிறிய ஊர்களில் வீடு பார்க்கப் போனால், "எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்ற விசாரணை முதலில் வரும். சில தெருக்களில் அந்தக் கேள்விக்குள் சாதியும் மதமும் இருக்கும். தனியாக வசிக்கும் பெண்களும் திருமணமாகாத இளைஞர்களும் வீடு கிடைக்க அலைய வேண்டியிருக்கும். தெரிந்தவர் ஒருவர் மூலம் போனால் கதவு சீக்கிரம் திறக்கிறது என்பதே நடைமுறை.

நிலம் வாங்கும் ஆசை: அவசரம் வேண்டாம்

"ஒரு ஏக்கர் தோப்பு, அதுல சின்னதா ஒரு வீடு" என்பது பலரின் கனவு. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர்கள் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ விலைக்கு வாங்க முடியாது.

பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் ரூபாய் நிலம் என்றால் 1,80,000 ரூபாய் இதற்கே தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:

* வில்லங்கச் சான்று: குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது நல்லது. பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.
* பட்டா: விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா? கூட்டுப் பட்டாவா? கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லோருக்கும் சம்மதமா?
* பஞ்சமி நிலம்: 1892-ல் ஆங்கிலேய அரசின் உத்தரவின்படி பட்டியலின மக்களுக்காக ஒதுக்கப்பட்ட நிலங்கள் இவை. மற்றவர்கள் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. பணமும் போகும், நிலமும் போகும்.
* கோயில் நிலம், நீர்நிலைப் புறம்போக்கு: தாலுகா அலுவலகப் பதிவேட்டில் வகைப்பாட்டைப் பார்க்க வேண்டும்.
* மனை என்றால்: அங்கீகாரம் பெற்ற மனைப் பிரிவா?
* மலையடிவாரம் என்றால்: மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட கிராமமா? அப்படியென்றால் வீடு கட்டத் தனி அனுமதி தேவை.

மலையோர நிலங்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. யானையும் காட்டுப்பன்றியும் வந்து போகும் இடங்களில் ஒரே இரவில் வாழையும் தென்னங்கன்றும் சாய்ந்துவிடும். வாங்கும் முன் பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். தரகர் இதைச் சொல்ல மாட்டார்.

பிள்ளைகளின் பள்ளி: 6-ம் வகுப்பு ஏன் முக்கியம்?

சிபிஎஸ்இ பள்ளிகள் சென்னை அளவுக்கு அருகருகே இருக்காது. மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாறுவதா, தூரம் போய் வருவதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 10 அல்லது 12-ம் வகுப்புக்கு நடுவில் பள்ளி மாற்றுவதைத் தவிர்ப்பது பிள்ளைக்கு நல்லது.

அரசுப் பள்ளியில் சேர்க்கத் தயாராக இருக்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சலுகை ஒன்று இருக்கிறது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் உள்ளது. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் 2021-ல் இது விரிவுபடுத்தப்பட்டது. 9-ம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் காசு கட்டிப் படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறினால் இந்தச் சலுகை கிடைக்காது.

நெஞ்சு வலித்தால் எங்கே போவது?

வயதான பெற்றோருக்காகவே ஊர் திரும்புகிறவர்கள் பலர். அவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான். தென்காசியில் மாவட்ட தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேண்டுமென்றால் 50 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து திருநெல்வேலிக்குப் போக வேண்டும். டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை போன்றவை வாரக்கணக்கில் தொடர்பவை. ஒவ்வொரு முறையும் யார் அழைத்துப் போவார், எவ்வளவு நேரமாகும் என்பதை ஒருமுறை போய் வந்தே பார்த்துவிடலாம். மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் தென்காசி, திருநெல்வேலி, மதுரை மருத்துவமனைகள் இருக்கின்றனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

சாரலும் உண்டு, வெள்ளமும் உண்டு

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று தென்காசிக்கு சாரலைக் கொண்டு வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வீடு எடுப்பவர்கள், மே மாத வெயிலையும் வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தூத்துக்குடி, திருநெல்வேலியுடன் தென்காசி மாவட்டமும் பாதிக்கப்பட்டது. வீடு பார்க்கும்போது, "அந்த மழைக்கு இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பது நல்லது.

இணைய வசதியும் தெருவுக்குத் தெரு மாறும். ஒரு தெருவில் ஃபைபர் இருக்கும், அடுத்த தெருவில் செல்போன் சிக்னலுக்கே மாடி ஏற வேண்டியிருக்கும். இரண்டு நிறுவன இணைப்புகள், இன்வெர்ட்டர் ஆகியவை வீட்டில் இருந்து வேலை செய்பவருக்கு ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை.

மாற்ற வேண்டிய ஆவணங்கள்

ரேஷன் கார்டு முகவரியை உணவுப் பொருள் வழங்கல் துறை இணையதளத்தில் மாற்றலாம். வாக்காளர் பட்டியலில் தொகுதி மாற படிவம் 8 நிரப்ப வேண்டும். ஆதார் முகவரியை உரிய ஆவணத்துடன் ஆன்லைனில் மாற்றிவிட்டால் மற்ற வேலைகள் சுலபம். வாகனத்துக்கு ஒரே மாநிலம் என்பதால் பதிவெண் மாறாது. ஆனால் 30 நாட்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

என்னதான் செய்யலாம்?

சென்னை வீட்டை உடனே காலி செய்யாமல், முதலில் விடுமுறையில் ஒரு மாதம் தங்கிப் பார்க்கலாம். ஒத்துவரும் என்று தோன்றினால், நிலமோ வீடோ வாங்காமல் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது பாதுகாப்பு. அதற்குள் ஒரு கோடை, ஒரு சாரல், ஒரு அடைமழை, பிள்ளையின் ஒரு கல்வியாண்டு எல்லாம் கடந்துவிடும்.

கையில் ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருந்தால், வேலையில் சிக்கல் வந்தாலும் பதற்றம் இருக்காது. ஓராண்டு முடிந்து வீட்டில் உள்ள எல்லோரும் "இங்கேயே இருக்கலாம்" என்று சொன்னால், அதன் பிறகு பத்திரம் எழுதலாம். ஒருவர் மட்டும் சந்தோஷமாக இருந்து, மற்றவர்கள் சகித்துக்கொண்டிருந்தால் சென்னைக்கே திரும்புவதிலும் தவறில்லை. வாடகை வீடு என்பதால் அப்போது இழப்பதற்கும் அதிகம் இருக்காது.