குதிரையை மட்டும் வரைந்தால் போதுமா?

அருகிவரும் விலங்கினங்களைக் காக்க ஓவியக் கண்காட்சிகள் நடத்தப்படுவதுண்டு. பள்ளிகளிலும் இத்தகைய கண்காட்சிகளை ஏற்பாடு செய்கிறோம். இவற்றால் என்ன பயன் விளையும், எது விளையாது என்பதை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. மணிப்பூரி மட்டக்குதிரை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

இக்குதிரையின் தோள் உயரம் ஏறத்தாழ 110 முதல் 130 செ.மீ. வரைதான். உருவில் சிறியது, ஆனால் வேகமும் தாங்கும் திறனும் மிக்கது. மணிப்பூர் மக்கள் அணிக்கு எழுவராக இதன்மேல் அமர்ந்து ஆடும் விளையாட்டு ‘சகோல் காங்ஜெய்’. மெய்தெய் மொழியில் ‘சகோல்’ என்றால் குதிரை. இதைக் கண்டு கற்ற ஆங்கிலேயர், இன்றைய அசாமிலுள்ள சில்சாரில் 1859-இல் போலோ சங்கம் தொடங்கினர். இன்று உலகம் ஆடும் போலோவின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தக் குதிரையோ குறைந்துகொண்டே வருகிறது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2003-இல் 1,898 ஆக இருந்த எண்ணிக்கை, 2007-இல் 1,218, 2012-இல் 1,101, 2019-இல் 1,089 எனச் சரிந்தது. காரணம் வேட்டையன்று. மணிப்பூரில் குதிரைகளைக் கொட்டிலில் கட்டி வளர்ப்பதைவிட, ஈரநிலங்களில் மேயவிடுவதே வழக்கம். இம்பாலில் உள்ள லாம்பெல்பட் போன்ற ஈரநிலங்களில் கட்டடங்கள் எழுந்தபோது மேய்ச்சல் சுருங்கியது. சாலையோரத்துக்கு வந்த குதிரைகள் வாகனங்களில் அடிபடுகின்றன. குப்பையிலுள்ள நெகிழியைத் தின்கின்றன. இதனால் மணிப்பூர் அரசு 2016-இல் தனிப் பாதுகாப்புக் கொள்கையை வகுத்தது.

கலையில் இக்குதிரைக்குக் குறையேதும் இல்லை. போலோவின் தெய்வமாகப் போற்றப்படும் மார்ஜிங், சிறகுடைய குதிரையோடு உருவகிக்கப்படுகிறார். ஹெய்ங்காங்கில் குதிரைமேல் அமர்ந்த போலோ வீரரின் சிலை, சுமார் 120 அடி உயரத்தில் 2023-இல் திறக்கப்பட்டது. சிலை வானளாவ நிற்கிறது. உயிருள்ள குதிரைக்கு மேய இடமில்லை. கண்காட்சி நடத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஓவியக் கண்காட்சியால் மூன்று பயன்கள் உண்டு. அறியாதவர் கண்ணில் அவ்வினத்தைப் படச்செய்யும். ஓவியங்களை விற்றுவரும் தொகை தீவனத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவும். உடலமைப்பு, நிறம், சேணம், ஆட்டமுறை ஆகியவற்றுக்குப் பதிவாகவும் அமையும். ஆனால் ஓர் இனம் நிலைக்க மேய்ச்சல் நிலம், போதிய இனப்பெருக்கக் குதிரைகள், வளர்ப்பவருக்கு அதனால் ஒரு பயன் ஆகிய மூன்றும் வேண்டும். படம் இவற்றைத் தராது. இவற்றைக் கேட்கும் மனிதர்களை உருவாக்க முடியும்.

ஆகவே வகுப்பில் குதிரையை வரையச் சொல்லும்போது அத்துடன் மூன்று கேள்விகளையும் தரலாம். அது எங்கே நிற்கிறது? எதைத் தின்கிறது? அதை யார் பராமரிக்கிறார்? விடைகள் படத்துக்குள் வந்துவிட்டால், வெறுமையான பின்னணியில் நின்ற குதிரைக்குப் பின்னால் ஈரநிலமும் புல்லும் மனிதரும் தோன்றுவர். மேல்நிலை வகுப்புகளில் மேற்கண்ட நான்கு எண்களையும் வரைபடமாக்கலாம். 16 ஆண்டுகளில் 809 குதிரைகள் குறைந்துள்ளன; அதாவது ஏறத்தாழ 43 விழுக்காடு. சரிவு மிகக் கடுமையாக இருந்த காலம் எது என்பதை மாணவர்களே கண்டறியட்டும். தொடக்க வகுப்புகளில், ஒரே தாளில் முன்பிருந்த புல்வெளியையும் இன்றுள்ள சாலையையும் அருகருகே வரையச் செய்தால் போதும்.

ஓவியங்களைச் சுவரில் மாட்டும்போது ஒவ்வொன்றின் கீழும் அவ்விலங்குக்குத் தேவையான ஒன்றை மாணவரே ஒரு வரியில் எழுதட்டும். பார்க்க வரும் பெற்றோர் ‘அழகாக இருக்கிறது’ என்பதோடு நில்லாமல், ‘இதற்கு மேய இடம் எங்கே?’ என்று கேட்டால் கண்காட்சி தன் வேலையைச் செய்துவிட்டது.