கடற்கரை நடையும் கடலாமையும்

தார்ச் சாலையில் நடப்பது எளிதா, மணலில் நடப்பது எளிதா என்று கேட்டால் உடனே விடை சொல்லிவிடுவீர்கள். ஏன் என்று கேட்டால் சற்றுத் தயங்குவீர்கள். அந்த விடையைத் தேட வேண்டுமானால் கடலோரமாக நெடுந்தூரம் நடந்து பார்க்க வேண்டும். மண்ணூர்பேட்டையிலோ பாடியிலோ வசிப்பவருக்குக் கடல் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால்தான். ஆயினும் சென்னையிலேயே அதற்கு நல்லதொரு வாய்ப்பு உண்டு.

ஆண்டுதோறும் சனவரி முதல் ஏப்ரல் வரை, நள்ளிரவில் ஒரு குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடக்கிறார்கள். 'ஆமை நடை' என்பது இதன் பெயர். 1970-களில் இயற்கை ஆர்வலர் சிலர் தொடங்கிவைத்த இப்பழக்கத்தை, 1988-இல் மாணவர்களே அமைத்த கடலாமைப் பாதுகாப்புக் குழு ஏற்று நடத்திவருகிறது. பொதுமக்களும் உடன் செல்லலாம்.

காலும் மணலும்

உலர்ந்த மணலில் நடக்கும்போது பாதத்தின் கீழ் மணல் நழுவுகிறது. நாம் செலுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு உடலை முன்னே தள்ளாமல் மணலைத் தள்ளுவதிலேயே வீணாகிறது. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, கெட்டியான தரையில் நடப்பதைவிட மணலில் அதே வேகத்தில் நடக்க இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் தேவை.

ஈர மணல் அப்படியல்ல. மணல் மணிகளுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம், தன் பரப்பு இழுவிசையால் மணிகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. சிறுவர்கள் கட்டும் மணல் வீடு இடியாமல் நிற்பதும் இதனால்தான்.

இன்னொரு வேடிக்கையும் காணலாம். அலை அப்போதுதான் விலகிய மணலில் காலை அழுத்தி வையுங்கள். பாதத்தைச் சுற்றிலும் மணல் சட்டென்று வெளுத்து, உலர்ந்தது போலத் தோன்றும். அழுத்தினால் நீர் மேலே வரவேண்டும் அல்லவா? கீழே இறங்குவானேன்? 1885-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதை விளக்கினார். அலைகள் மணலை மிக நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கின்றன. மிதித்ததும் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற, இடைவெளி பெருகுகிறது. மேலே நின்ற நீர் அவ்விடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது.

மணலில் ஒரு தடம்

நமக்கு உதவும் இதே ஈரம்தான் பங்குனி ஆமைக்கும் உதவுகிறது. சுமார் 40 கிலோ எடையுள்ள பெண் ஆமை இரவில் கரையேறி, அலை எட்டாத இடத்துக்குச் சென்று, பின்துடுப்புகளால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி தோண்டுகிறது. உள்ளே ஈரம் இல்லாவிட்டால் குழியின் சுவர் சரிந்துவிடும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட முட்டைகளை இட்டபின் குழியை மூடி, தன் உடலாலேயே மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது.

திரும்பிப் போன தாய், தன் தடத்தை விட்டுச் செல்கிறது. துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றுவதால் அது இருபுறமும் சமமாக இல்லாமல் முன்பின்னாக அமைந்திருக்கும். நடப்பவர்கள் தேடுவது இத்தடத்தைத்தான். முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும். கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையை உருட்டினால் கரு அழிந்துவிடும்.

ஆணா, பெண்ணா?

45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அவை ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29, 30 டிகிரி செல்சியசில் இரண்டும் கலந்து பிறக்கும். வெப்பம் கூடினால் பெண்களும், குறைந்தால் ஆண்களும் மிகும். புவி வெப்பம் உயர்ந்து வரும் இக்காலத்தில் இது கவலைக்குரிய செய்தியாகும்.

விளக்கும் வலையும்

குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும் இயல்புடையவை. இருண்ட கரையில் அது கடலின் பக்கம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒளிவெள்ளத்தில் மிதக்கும்போது, அவை சாலைப் பக்கம் திரும்பிவிடுகின்றன. கிரேக்க நாட்டின் ஜாகிந்தோஸ் தீவிலும், பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் விரிகுடாவில் சுற்றுலா விடுதிகளின் விளக்குகளால் இதே சிக்கல் எழுந்தது. அங்கு 1999-இல் தேசியக் கடற்பூங்கா அமைக்கப்பட்டது.

தாய் ஆமைகளுக்கு ஆபத்து வலையில். ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. இடையிடையே நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். இழுவலையில் சிக்கினால் மூச்சுத் திணறி இறக்கிறது. 2025 சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. வலையின் கழுத்தில் சாய்வான கம்பிச் சட்டத்தைப் பொருத்தினால், இறால் உள்ளே போகும். ஆமை திறப்பு வழியே தப்பிவிடும்.

குஞ்சுகள் ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு முட்டைக் குழியும் முக்கியம். நீங்கள் இரவில் கடற்கரைக்குச் சென்றால் டார்ச்சையும் கைப்பேசி விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஆமையைக் கண்டால் அசையாமல் எட்டி நில்லுங்கள். தடத்தை மிதித்து அழிக்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள். கரையோரம் வீடு உள்ள உறவினரிடம், இந்த நான்கு மாதங்களாவது கடல் பக்கத்து விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத உதவி இது.