புற்றுநோயை அடக்கும் புரதம் விற்பனைக்கு இருக்கிறது, ஆனால் அது மருந்தல்ல

‘மனித பி53 புரதம் – புற்றுநோய்க் கட்டி அடக்கி’. இந்தப் பெயரோடு ஒரு சிறு குப்பி இணையத்தில் விற்பனைக்கு இருப்பதை வன்னியைச் சேர்ந்த ஒருவர் கண்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் தமையன் மூலம் எடுப்பித்து, தெல்லிப்பழையில் சிகிச்சை பெறும் தாயாருக்கு ஏற்றலாமா என்று என்னிடம் கேட்டார். காணியை ஈடு வைத்தாவது வாங்கத் தயார் என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. பெயரைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பி53 உண்மையான புரதம்தான். நமது ஒவ்வொரு கலத்திலும் அதை ஆக்கும் பரம்பரையலகு 17ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. கலத்தின் டீ.என்.ஏ. பழுதடைந்தால் இந்தப் புரதம் கலப்பிரிவை நிறுத்தி, பழுதைத் திருத்த அவகாசம் கொடுக்கும். திருத்த முடியாவிட்டால் அந்தக் கலத்தை இறக்கச் செய்யும். 1979இல் இதைக் கண்டுபிடித்தபோது புற்றுநோயைத் தூண்டும் புரதம் என்றே எண்ணினார்கள். ஆய்வுகூடத்தில் அவர்கள் வைத்திருந்தது விகாரமடைந்த வடிவம் என்பது பத்து வருடம் கழித்து, 1989இல்தான் தெளிவானது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ அரைவாசியில் இந்தப் பரம்பரையலகு பழுதாகியிருக்கிறது.

அப்படியானால் நல்ல பி53ஐ வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? இன்சுலினை அப்படித்தானே கொடுக்கிறோம்? மின்சாரம் இல்லாத காலத்தில் இன்சுலின் குப்பியைக் குளிராக வைத்திருக்க நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதா! இரண்டையும் ஆக்கும் முறையும் ஒன்றுபோலத்தான். மனிதப் பரம்பரையலகை ஈ. கோலை என்ற பக்டீரியாவுக்குள் புகுத்தி வளர்ப்பார்கள். பக்டீரியா மனிதப் புரதத்தை ஆக்கும். பிறகு பக்டீரியாவை உடைத்து, புரதத்தை மட்டும் பிரித்தெடுப்பார்கள்.

வித்தியாசம் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. இன்சுலின் கலத்தின் வெளிச்சுவரில் தட்டினாலே போதும். பி53 கலத்துக்குள் போய், கருவுக்குள் நுழைந்து, டீ.என்.ஏ.யைப் பிடிக்க வேண்டும். 393 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெரிய புரதம் கலமென்சவ்வைத் தானாகக் கடக்காது. நான்கு நான்காகச் சேர்ந்தே இது வேலை செய்யும். உடல் வெப்பத்தில் தனியே விட்டால் அதன் மையப் பகுதி சில நிமிடங்களில் குலையத் தொடங்கிவிடும். குருதியில் உள்ள நொதியங்கள் மிச்சத்தையும் வெட்டிவிடும்.

பயனில்லை என்பதோடு விடயம் முடிவதில்லை. ஆய்வுக்கான குப்பியில் பக்டீரியாவின் நச்சுப்பொருள் எஞ்சியிருக்கலாம். அது குருதியில் கலந்தால் கடும் காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும். கீமோ எடுத்துப் பலவீனமான உடல் அதைத் தாங்காது. ‘ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்த அல்ல’ என்று இப்படியான பொருட்களில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத்தான் முதலில் தேடிப் படிக்க வேண்டும்.

பிறகு எதற்கு விற்கிறார்கள்? மருந்து தேடுவதற்கு. எம்.டி.எம்.2 என்ற இன்னொரு புரதம் பி53ஐப் பிடித்து அழிப்பதற்கு அனுப்பும். இந்தப் பிடியை விடுவிக்கும் சிறு மூலக்கூறு ஏதும் உண்டா என்று குழாய்க்குள் இரண்டு புரதங்களையும் சேர்த்துச் சோதிப்பார்கள். 2004இல் வெளிவந்த நட்லின் என்ற மூலக்கூறு அந்த வழியில் வந்தது. சீனா 2003இல் அனுமதித்த ஜென்டிசின் என்ற ஊசியும் பி53ஐச் சார்ந்ததுதான். ஆனால் அதில் இருப்பது புரதமல்ல. பரம்பரையலகைச் சுமந்து கலத்துக்குள் கொண்டுபோகும் வைரசு. அமெரிக்காவோ ஐரோப்பாவோ அதை ஏற்கவில்லை.

நம்மவர்கள் பி53 என்ற பெயரைச் சந்திக்கக்கூடிய இன்னோர் இடம் பயொப்சி அறிக்கை. அங்கே ‘பி53 பொசிட்டிவ்’ என்றிருந்தால் காவல் புரதம் நிறைய இருக்கிறது என்று மகிழ வேண்டாம். நல்ல பி53 விரைவில் அழிந்துபோவதால் மங்கலாகவே தெரியும். பழுதடைந்தது தேங்கி நிற்பதால் கடுமையாக நிறமேறும். சிலவேளை அறவே நிறமேறாததும் பழுதின் அடையாளமே. எந்தப் புற்றுநோய், எந்த நிலை என்பதோடு சேர்த்தே அதை வாசிக்க முடியும். அறிக்கையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள்.