தமனி வழியே மருந்து எதற்கு?

பித்தப்பைப் புற்றுநோய் சத்தமில்லாமல் வளரும். வலியோ மஞ்சள் காமாலையோ தலைகாட்டும்போது, பெரும்பாலும் ஒட்டியிருக்கும் கல்லீரலுக்குள் நுழைந்திருக்கும், வெட்டியெடுக்க முடியாது. அப்போது கீமோதான். அதை ஏன் கைச் சிரையில் ஏற்றாமல் தமனிக்குப் போகிறார்கள்?

கல்லீரலுக்கு இரண்டு ரத்த வழிகள். குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை ஏறக்குறைய முக்கால் பங்கு தருகிறது. கல்லீரல் தமனி கால் பங்குதான். கட்டிக்கோ அந்தக் கால் பங்கின் மேல்தான் கண்! பித்தப்பைக்குப் போகும் தமனியும் வழக்கமாகக் கல்லீரல் தமனியின் வலது கிளையில்தான் பிரிகிறது.

ஆகவே தொடை இடுக்கில் தமனியைத் துளைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய கத்தீட்டரைக் கல்லீரல் தமனிவரை நகர்த்துகிறார்கள். மருந்து நீர்த்துப்போகாமல் கட்டியைச் சேர்கிறது. ஃப்ளாக்ஸூரிடின் போன்ற மருந்தின் பெரும்பகுதியைக் கல்லீரலே பிடித்துக்கொள்வதால் மற்ற உறுப்புகளுக்குத் தொல்லை குறைவு. பித்தநாளம்தான் பாவம்: அதுவும் தமனி ரத்தத்தை நம்பியது, புண்பட்டுச் சுருங்கலாம்.

கல்லீரலைத் தாண்டிப் பரவிய நோயை இம்முறை சரிவர எட்டாது. சிரை வழி ஜெம்சிடபின்–சிஸ்பிளாட்டின் கூட்டு, பித்தப்பாதைப் புற்றுநோயாளிகளின் இடைநிலை ஆயுளை 8.1 மாதத்திலிருந்து 11.7 ஆக உயர்த்தியதாக 2010இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. தமனி முறைக்குப் பித்தப்பைப் புற்றில் அவ்வளவு வலுவான சான்று இல்லை. அதை முதல் தேர்வாக நினைக்கக் கூடாது என்பேன்.