1652-ஆம் வருடத்துக் கல் இங்கே எப்படி வந்தது?

குழந்தைகளே, தாம்பரத்தில் கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினால் கடைசிக்கு முந்தைய நிறுத்தம் கோட்டை. நம்மில் பலர் அங்கே இறங்கியதே இல்லை. ஒருமுறை இறங்கிப் பாருங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் புனித ஜார்ஜ் கோட்டை. பெரியவர் யாரையாவது கட்டாயம் கூட அழைத்துப் போங்கள், அவரிடம் அடையாள அட்டையும் இருக்கட்டும். வாசலில் சோதனை உண்டு.

கோட்டைக்குள்ளே இருக்கிறது புனித மேரி தேவாலயம். 1678-ல் தொடங்கி, 1680-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி திறந்தார்கள். ஆங்கிலேயர் இந்தியாவில் கட்டிய தேவாலயங்களில் இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழமையானது இதுதான். சுவர் நாலடி கனம்! கூரையில் மரமே கிடையாது. செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூரை. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டும் அல்லவா?

பல வருடங்களுக்கு முன் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போயிருந்தேன். தேவாலயத்தைச் சுற்றியுள்ள முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்களைப் பாவியிருக்கிறார்கள். நாம் வீட்டில் தரைக்கல் பதிக்கிறோமே, அதுபோல! லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியன், ஆங்கிலம் என்று பல மொழி எழுத்துகள். சிலவற்றில் குலச்சின்னங்கள். பையன்கள் கற்களின்மேல் தாவித் தாவி ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாகவே நின்றாள். "செத்துப்போனவங்க மேலே எப்படி சார் மிதிக்கிறது?" என்றாள்.

அவளே இன்னொன்றும் கேட்டாள். எலிசபெத் பேக்கர் என்ற பெண்மணியின் கல் அங்கே இருக்கிறது. அதில் உள்ள வருடம் 1652. "கோயில் கட்டினதே 1680-ல்தான்னு சொன்னீங்களே. அதுக்கு முன்னாடியே இந்தக் கல் எப்படி சார் வந்தது?"

நான் அசந்து போனேன். வாத்தியார் கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

விடை இதுதான். மதராசில் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் இடுகாட்டைக் கோட்டைக்கு வெளியே வைத்திருந்தார்கள். இன்று உயர் நீதிமன்றத்தை ஒட்டிப் பழைய சட்டக் கல்லூரிக் கட்டிடம் நிற்கிறதே, அந்த இடம். அங்கே கூம்பு, வளைவு, மண்டபம் என்று உயர உயரமாகக் கல்லறைகள் எழுப்பினார்கள். 1758-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டையிலிருந்து குண்டு பாய்ந்தால் ஒளிந்துகொள்ள அவருடைய படைவீரர்களுக்கு அந்தக் கல்லறைகளே நல்ல மறைவிடம் ஆகிவிட்டன!

1759 பிப்ரவரியில் முற்றுகை முடிந்தது. ஆங்கிலேயர் பாடம் கற்றுக்கொண்டார்கள். சொந்தக்காரர்களின் கல்லறைகளை அவர்களே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எழுத்துள்ள கற்களை மட்டும் பெயர்த்தெடுத்துத் தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். ஆக, கல் இங்கே; ஆள் அங்கே! இதைச் சொன்னதும் அந்தப் பெண் சற்று யோசித்தாள். பிறகும் செருப்பைப் போடவில்லை.

போர் வந்தால் இறந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை போலிருக்கிறது. இங்கிலாந்தில் வின்செஸ்டர் என்னும் ஊரின் பேராலயத்தில் பழங்கால அரசர்களின் எலும்புகளைப் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். 1642-ல் உள்நாட்டுப் போரின்போது படைவீரர்கள் உள்ளே புகுந்து அந்தப் பெட்டிகளைக் கவிழ்த்துவிட்டார்கள். எது யாருடைய எலும்பு என்றே தெரியாமல் கலந்துபோயிற்று.

அந்நாட்டுப் பேராலயங்களில் அரசர்களையும் பெரிய மனிதர்களையும் கட்டிடத்தின் உள்ளேயே புதைத்து, மேலே சிலை வைப்பது வழக்கம். கேன்டர்பரியில் 1376-ல் இறந்த ஓர் இளவரசரின் உருவம் போர்க்கவசத்தோடு படுத்திருக்கிறது. அந்த வழக்கம்தான் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது.

புனித மேரி தேவாலயத்துக்குள்ளும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் ஒருவர் சிலையாக நிற்கிறாரே, சர் தாமஸ் மன்றோ, நினைவிருக்கிறதா? ஆளுநராக இருந்த அவர் 1827-ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். முதலில் குத்தியில் புதைத்தார்கள். 1831-ல் இங்கே கொண்டுவந்தார்கள்.

இன்னொரு ஆளுநரின் கதை விசித்திரமானது. நீங்கள் வந்த ரயில் பரங்கிமலையைத் தாண்டியது அல்லவா? ஆளுநர் பிகட் பிரபுவை அவருடைய ஆலோசனைக் குழுவினரே 1776-ல் கைது செய்து அந்தப் பரங்கிமலையில்தான் காவலில் வைத்தார்கள். மறு வருடம் காவலிலேயே அவர் இறந்தார். அவருடையது என்று கருதப்படும் கல்லில் பெயரும் இல்லை, வருடமும் இல்லை. 'நினைவாக' என்று பொருள்படும் இரண்டே லத்தீன் சொற்கள்!

சுவார்ட்ஸ் பாதிரியாருக்கும் அங்கே ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் உண்டு. ஆனால் 1798-ல் இறந்த அவர் புதைக்கப்பட்டது தஞ்சாவூரில். இளவரசர் சரபோஜியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். சரபோஜி மன்னரானதும் லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு தஞ்சையில் தன் ஆசிரியருக்குச் சிலை அமைத்தார். கல்வெட்டு வாசகத்தைத் தாமே ஆங்கிலத்தில் கவிதையாக எழுதினாராம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வாத்தியார் புத்தி, மன்னியுங்கள்!

சரி, பழைய இடுகாட்டில் எதுவுமே மிஞ்சவில்லையா? இரண்டு மிஞ்சின. அதில் ஒன்று ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் கூர்நுனிக் கல்லறை. அவர் 1680-ல் இறந்தார். அவருடைய மனைவி காதரின் அதே ஆண்டு எலிஹு யேல் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். புனித மேரி தேவாலயத்தில் நடந்த முதல் திருமணமே அதுதான். அவர்களுடைய மகன் டேவிட் சிறு குழந்தையாகவே இறந்துபோனான். ஹின்மர்ஸ் கல்லறையிலேயே அவனையும் வைத்தார்கள்.

யேல் 1687 முதல் 1692 வரை மதராசின் ஆளுநர். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய சரக்குகளை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. நன்றியாக 1718-ல் அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். யேல் இங்கே பதவியில் இருந்த நாட்களில் மதராசிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் நடந்தது. அந்த மனிதர்களுக்குக் கல் எதுவும் இல்லை.

நீதிமன்ற வளாகத்தில் வாகனம் நிறுத்த இடம் போதவில்லை. அந்தக் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றும்படி 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவானது. 'அடிமை வியாபாரம் செய்தவர் குடும்பத்துக்கு எதற்குச் சின்னம்?' என்பார் சிலர். 'வரலாற்றை ஏன் நகர்த்தவேண்டும்?' என்பார் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், உள்ளே இருப்பது ஒரு சின்னக் குழந்தை. இருந்த இடத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். கூடவே, பெயர் தெரியாமல் கப்பலேறிய அந்த மனிதர்களைப் பற்றியும் பக்கத்திலேயே ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

திரும்பி வரும்போது ரயிலில் அந்தப் பெண் கேட்டாள்: "அந்தப் பையனுக்கு என்ன வயசு சார்?"

"நாலுகூட நிறையலை" என்றேன். பல்லாவரம் வரும்வரை அவள் பேசவில்லை.