வயதுவந்தோர் கல்வியில் இசை, ஓவிய ரசனை வகுப்புகள் (பிரித்தானியா)

இசை ரசனை, ஓவிய ரசனை வகுப்புகள் என்பவை, பட்டத்தையோ வேலையையோ எதிர்பாராமல் வயதுவந்தோர் மாலை நேரங்களில் கூடிப் படிக்கும் வகுப்புகள் ஆகும். பாடவோ வரையவோ பயிற்றுவிப்பது இவற்றின் நோக்கமன்று. கேட்கவும் பார்க்கவும் பழக்குவதே நோக்கம். பிரித்தானியாவில் இவ்வகுப்புகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வளர்ந்தன. அவற்றுள் லண்டன் மார்லி கல்லூரியின் இசை வகுப்பும், வடகிழக்கு இங்கிலாந்தின் ஆசிங்டன் நகரில் நடந்த ஓவிய வகுப்பும் பரவலாக அறியப்பட்டவை. இவ்விரண்டிலும் ஆசிரியர்கள் வகுப்பின் நோக்கத்தை மீறியதால்தான் அவை இன்றும் பேசப்படுகின்றன.

பின்னணி

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873-இல் வெளியூர் விரிவுரைகளைத் தொடங்கியது. கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தில் எழுத்தராக இருந்த ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் 1903-இல் தொழிலாளர் கல்விச் சங்கத்தை நிறுவினார். பொருளியல் வரலாற்றாசிரியர் ஆர். எச். டானி 1908-இல் ராச்டேல், லாங்டன் ஆகிய ஊர்களில் நடத்திய வகுப்புகள் இச்சங்கத்தின் முறைக்கு முன்மாதிரியாயின. ஒரு மணி நேரம் விரிவுரை, ஒரு மணி நேரம் விவாதம் என்பது அம்முறை. தேர்வு கிடையாது. விரிவுரையைவிட விவாதத்தையே மாணவர்கள் பெரிதும் விரும்பினர். உழைத்துக் களைத்து வந்தவர்கள் ஆசிரியரை மடக்கிக் கேள்வி கேட்கும் இடமாக அது இருந்தது.

தொடக்கத்தில் பொருளியலும் வரலாறுமே முதலிடம் பெற்றன. கூலிக்கும் வேலைநேரத்துக்கும் போராடுபவனுக்கு ஓவியம் எதற்கு என்ற கேள்வி சங்கத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்தது. ஓவியமும் இசையும் பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதும் ஒருவகை அடிமைத்தனமே என்பது மறுதரப்பின் வாதம்.

மார்லி கல்லூரி

மார்லி கல்லூரி 1889-இல் உழைக்கும் ஆண், பெண் இருபாலருக்குமாக லண்டனில் தொடங்கப்பட்டது. இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1907-இல் இதன் இசைப் பிரிவின் பொறுப்பை ஏற்று, 1924 வரை அப்பொறுப்பில் இருந்தார். பகலில் கடையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களே அவரது மாணவர்கள்.

ஹென்றி பர்செல் 1692-இல் இசையமைத்த 'தேவதை ராணி' என்னும் மேடைப் படைப்பின் இசைச்சுவடி அவர் இறந்த சில ஆண்டுகளில் தொலைந்துபோனது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது கண்டெடுக்கப்பட்டது. அதை மார்லி மாணவர்களைக் கொண்டே அரங்கேற்ற ஹோல்ஸ்ட் முடிவு செய்தார். ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்கும் தனித்தனிப் படிகள் தேவைப்பட்டன. மாணவர்களே மாலைதோறும் உட்கார்ந்து சுமார் 1,500 பக்கங்களைக் கையால் படியெடுத்தனர். 1911 ஜூனில் கச்சேரி வடிவில் அது அரங்கேறியது. இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் கேட்போருக்கு விளக்கம் அளித்தார். ஒரு பழைய படைப்பை ஒவ்வொரு சுரமாக எழுதிப் பார்த்தவர் அதைக் கேட்கும் விதம் வேறாகத்தான் இருக்கும். எந்த விரிவுரையாலும் அதைத் தந்துவிட முடியாது.

பிற்காலத்தில் கிராமபோனும் வானொலியும் வந்தபின் இசை ரசனை பெரும்பாலும் 'கேட்டல்' என்ற அளவில் சுருங்கியது. இத்துறையின் முன்னோடியான பெர்சி ஷோல்ஸ் 1919-இல் கேட்போருக்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். அதனால் பயன்பெற்றவர்கள் ஏராளம். ஆனால் எந்த இடத்தில் எதை ரசிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஆபத்தும் இத்தகைய கையேடுகளில் உண்டு.

ஆசிங்டன் வகுப்பு

ஆசிங்டன், நார்தம்பர்லாந்தில் நிலக்கரியை நம்பி எழுந்த ஊர். அங்கே ஓவியக் காட்சிக்கூடம் எதுவும் இல்லை. தொழிலாளர் கல்விச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையினர் பரிணாமம் போன்ற பாடங்களைப் படித்துவிட்டு, 1934-இல் ஓவிய ரசனையைத் தேர்ந்தெடுத்தனர். பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்கள். முதல் உலகப்போரில் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டுப் பின்னர் பல்செட் செய்யும் தொழிலுக்கு வந்த ஹாரி வில்சனும் அவர்களுள் ஒருவர். நியூகாசிலில் ஓவியம் கற்பித்துவந்த ராபர்ட் லயன் ஆசிரியராக வந்தார்.

மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரையில் காட்டி லயன் விளக்கத் தொடங்கினார். வகுப்பு எடுபடவில்லை. ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளோ கலைக் காலகட்டங்களின் பெயர்களோ மாணவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது, அதன் பொருளை எப்படி அறிவது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அதற்கு லயன் கண்ட விடை, அவர்களையே வரையச் செய்வது. லினோலியத் தகட்டைச் செதுக்கி அச்செடுப்பதில் தொடங்கி, பிறகு வாரம் ஒரு தலைப்பில் வீட்டில் படம் தீட்டிவரச் சொன்னார். கொண்டுவந்த படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து எல்லோரும் விமர்சிப்பார்கள். சங்கத்தின் பழைய விவாத மணி நேரம் இங்கே ஓவியத்தின் முன் நடந்தது என்று சொல்லலாம்.

ஓவியராக்குவது லயனின் நோக்கமாக இருக்கவில்லை. ஒரு மூலையில் வெளிச்சம் விழச் செய்வதற்குள் படும் பாட்டை அறிந்தவன் மற்றவர் ஓவியத்தில் அதைக் கண்டுகொள்வான் என்பதே அவரது எதிர்பார்ப்பு. ஆனால் வகுப்பு அதைத் தாண்டிப் போயிற்று. விலை உயர்ந்த கித்தானுக்குப் பதில் பலகையிலும் அட்டையிலும், சில வேளை வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வண்ணத்தாலும் அவர்கள் தீட்டினார்கள். நிலத்தடியில் குனிந்து கரி வெட்டுவது, புறாக்கூண்டுகள், பந்தய நாய்கள், காய்கறித் தோட்டம், வீட்டு அடுப்படி ஆகியவை படங்களாயின. 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய ஆலிவர் கில்பர்ன் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர். வெளியிலிருந்து வரும் ஓவியர் சுரங்கத்தை வரைந்தால் இருளும் அவலமும் தெரியும். இவர்கள் படங்களில் வேலை தெரிகிறது: எந்தக் கருவியை எந்தக் கை பிடிக்கிறது, முதுகை எங்கே முட்டுக்கொடுக்கிறார்கள் என்பது உட்பட.

1936-இல் நியூகாசில் ஹாட்டன் காட்சிக்கூடத்தில் இவர்களின் படங்கள் வைக்கப்பட்டன. கலை ஆர்வலர் ஹெலன் சதர்லேண்ட் உதவியுடன் அதே ஆண்டு லண்டன் சென்று பெரும் காட்சிக்கூடங்களைப் பார்த்துவந்தனர். அதற்குள் அவர்களே தூரிகை பிடித்தவர்கள் ஆகியிருந்தனர்.

லயன் 1942-இல் எடின்பரோ கலைக்கல்லூரிக்குப் பொறுப்பேற்றுச் சென்றார். ஆசிரியர் இல்லாமலேயே ஆசிங்டன் குழு ஒரு கொட்டகையில் வாரந்தோறும் கூடி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இயங்கியது. உறுப்பினர் எவரும் தொழிலை விட்டுவிட்டு ஓவியத்தைப் பிழைப்பாகக் கொள்ளவில்லை. சிறந்த படங்களைக் குழுவே பொதுச் சேகரிப்பாக வைத்துக்கொண்டது. 1980-இல் அவை சீனாவிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. வில்லியம் ஃபீவர் இக்குழுவைப் பற்றி எழுதிய நூலைத் தழுவி லீ ஹால் 2007-இல் நாடகம் ஒன்றை உருவாக்கினார்.

நிதியும் பிற்கால நிலையும்

1924-ஆம் ஆண்டின் விதிகளின்படி இத்தகைய வகுப்புகளுக்கு அரசு மானியம் கிடைத்தது. 1992-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தகுதிச் சான்று தரும் படிப்புகளையும் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட படிப்புகளையும் பிரித்தது. ரசனை வகுப்புகள் பெரும்பாலும் இரண்டாம் வகையில் சேர்ந்தன. கட்டணம் கட்டக்கூடியவர்களே சேர முடியும் என்ற நிலை பல இடங்களில் உருவானது. இந்தப் பிரிப்பின்படி பார்த்தால் ஆசிங்டன் வகுப்பும் பொழுதுபோக்குதான்.

மார்லி கல்லூரி இன்றும் வயதுவந்தோருக்கு இசை, ஓவிய வகுப்புகளை நடத்துகிறது. ஆசிங்டன் சுரங்கம் 1988-இல் மூடப்பட்டது. குழுவின் ஓவியங்கள், 1981-இல் மூடப்பட்ட அருகிலுள்ள வுட்ஹார்ன் சுரங்க வளாகத்தின் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ளன.